பொருள் எங்கிருந்து புறப்படுகிறது? ஆன்லைன் விற்பனையில் 'இருக்குமிடம்' என்ற கட்டமும் வாடகைக் கிடங்குகளும்

ஈபேயின் பிரிட்டன் தளத்தில் ஒருவர் லேப்டாப் சார்ஜர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவசரம் என்பதால் 'பிரிட்டனில் உள்ளவை மட்டும்' என்று வடிகட்டிப் பார்க்கிறார். இரண்டு பட்டியல்கள் தோதாகத் தெரிகின்றன. ஒன்றில் பொருள் இருக்குமிடம் லெஸ்டர் என்றும், இன்னொன்றில் லண்டன் என்றும் போட்டிருக்கிறது. விற்பவர்கள் இருவருடைய வணிக முகவரியும் சீனாவின் ஷென்ஜென் நகரம். முதல் பட்டியலில் வாங்கினால் இரண்டு நாளில் சார்ஜர் கைக்கு வருகிறது. இரண்டாவதில் வாங்கினால் மூன்று வாரம் கழித்து, சுங்கச் சீட்டு ஒட்டப்பட்டு, சீனாவிலிருந்து வந்து சேர்கிறது.

வாங்குபவர்கள் பலர் இந்த இரண்டையும் சேர்த்தே திட்டுகிறார்கள். கம்பெனி சீனாவில், இடம் பிரிட்டனில், அப்படியானால் மோசடிதான் என்பது அவர்கள் கணக்கு. முதல் விற்பனையாளர் செய்ததில் தவறு எதுவும் இல்லை. அவருடைய சரக்கு உண்மையிலேயே லெஸ்டரில் ஒரு வாடகைக் கிடங்கில் இருந்தது. தவறு இரண்டாமவருடையது. விற்பனையாளர்களும் குழம்புகிறார்கள்: "ஆபீஸ் ஒரு ஊரில், சரக்கு வேறு நாட்டில், அடுக்கி அனுப்புவது மூன்றாவது ஆள். நான் எந்த ஊரைப் போடுவது?"

கலந்துபோகும் நான்கு இடங்கள்

ஒரு பட்டியலைச் சுற்றி நான்கு இடங்கள் வருகின்றன. நான்கும் ஒரே ஊராக இருந்த காலத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது நான்கும் நான்கு திசையில் இருக்கலாம்.

1. விற்பவரின் வணிக முகவரி. சட்டப்படி பொறுப்பாளி யார், நோட்டீஸ் அனுப்பினால் எங்கே போக வேண்டும் என்பதற்கானது.

2. தயாரான நாடு. 'மேட் இன்' என்று அட்டைப்பெட்டியில் அச்சாகும் இடம். பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

3. பொருள் இருக்குமிடம். ஆர்டர் விழும் நேரத்தில் அந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறதோ, எங்கிருந்து பார்சல் கிளம்புமோ அந்த இடம்.

4. திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி. பிடிக்கவில்லை, பழுது என்றால் பார்சல் எங்கே போக வேண்டும்.

ஈபே கேட்கும் 'பொருள் இருக்குமிடம்' மூன்றாவது மட்டும்தான். நாடு, ஊர், அஞ்சல் குறியீடு என்று அந்தக் கட்டம் நிரப்பப்படுகிறது. இடத்தைத் தவறாகக் காட்டுவதைத் தடுக்கத் தனி விதியே அந்தத் தளத்தில் இருக்கிறது. மீறினால் பட்டியலை நீக்குவது, தேடலில் பின்னுக்குத் தள்ளுவது, கணக்கை முடக்குவது வரை போகலாம்.

வாடகைக் கிடங்கு எப்படி வேலை செய்கிறது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது, பிரிட்டனில் நேரடியாக விற்க ஆசைப்படுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் திருப்பூரிலிருந்து ஒரு டிசர்ட்டை விமானத்தில் அனுப்பினால் அனுப்பும் செலவு துணியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் ஆயிரம் டிசர்ட்டை மொத்தமாகக் கப்பலில் அனுப்பி, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு கிடங்கில் வைக்கிறார்கள். லெஸ்டர்ஷயர், நார்தாம்டன்ஷயர், வார்விக்ஷயர் சேர்ந்த வட்டாரத்துக்குச் சரக்குத் துறையில் 'தங்க முக்கோணம்' என்றே பெயர். நாட்டின் பெரும்பகுதிக்கு நான்கைந்து மணி நேரத்தில் லாரி போய்ச் சேரும் என்பதால் கிடங்குகள் அங்கே குவிந்திருக்கின்றன. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களின் பின்புறமும் நியூ ஜெர்சியிலும் இதே காட்சி.

கிடங்குக்காரர் சரக்கை எண்ணி வாங்கி, அளவு, நிறம் வாரியாகக் குறியீடு போட்டு அலமாரியில் வைக்கிறார். ஆர்டர் வந்ததும் தகவல் கணினி வழியாக அவருக்குப் போகிறது. எடுத்து, பொதிந்து, லேபிள் ஒட்டிக் கூரியரிடம் கொடுக்கிறார். இடத்துக்கு வாடகை, ஒவ்வொரு பொதிக்கும் கூலி, கூரியர் கட்டணம் என்று திருப்பூருக்கு பில் வருகிறது. சரக்கின் உரிமை கடைசி வரை பனியன் கம்பெனியிடமே இருக்கிறது. கிடங்குக்காரர் விற்பனையாளர் கிடையாது. இந்த முறைக்குத்தான் 'மூன்றாம் தரப்பு ஃபுல்ஃபில்மென்ட்' என்று பெயர். அமேசான் 2006இல் தன் கிடங்குகளை வெளி விற்பனையாளர்களுக்குத் திறந்தபோது இது பரவலானது.

அஞ்சல் கட்டணமும் இதற்கு உரம் போட்டது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சிறு பொதி அனுப்புவது நீண்ட காலம் மிக மலிவாக இருந்தது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் கட்டண விதிகள் அப்படி. அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே வெளியேறுவேன் என்று மிரட்டியதில், 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு கூடி விதியை மாற்றியது. 2020 ஜூலை முதல் அமெரிக்கா தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கத் தொடங்கியது. மலிவு அஞ்சல் போனதும், சரக்கை முன்கூட்டியே வாங்குபவரின் நாட்டில் வைப்பது லாபகரமாயிற்று.

அப்படியானால் எதை எழுதுவது?

திருப்பூர்க் கம்பெனி 'லெஸ்டர், ஐக்கிய இராச்சியம்' என்று போட வேண்டும். கம்பெனியின் வணிக முகவரி விற்பனையாளர் விவரப் பகுதியில் திருப்பூர் என்றே இருக்கட்டும். இரண்டும் முரண்படவில்லை. உரிமையாளர் லெஸ்டரில் காலே வைக்காதவர் என்பதும் பிரச்சினை இல்லை. நேர்மையாக இருக்க நினைத்து 'திருப்பூர், இந்தியா' என்று போட்டால்தான் பட்டியல் தவறாகும்.

காரணம், அந்தக் கட்டத்தை மனிதர் மட்டும் படிப்பதில்லை. தளத்தின் கணினி அதை எடுத்துப் பல வேலைகள் செய்கிறது. 'உள்நாட்டில் மட்டும்' என்ற வடிகட்டியில் பட்டியல் தெரிய வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவாகிறது. கிளம்பும் இடத்தின் அஞ்சல் குறியீட்டையும் வாங்குபவரின் குறியீட்டையும் வைத்து டெலிவரி நாள் கணக்கிடப்படுகிறது. தூரத்துக்கேற்ற அஞ்சல் கட்டணமும் அதிலிருந்து வரும். கீழே பார்க்கப்போகும் வரியும் அப்படியே. ஆகவே பொய்யான ஊரைப் போட்டுவிட்டு விளக்கக் குறிப்பில், பத்தாவது பத்தியில், 'பொருள் எங்கள் ஆசியக் கிடங்கிலிருந்து வரும்' என்று எழுதிவைப்பது விற்பனையாளரைக் காப்பாற்றாது. வடிகட்டி அந்தப் பத்தியைப் படிப்பதில்லை.

தலைப்பில் 'யுகே ஸ்டாக்', 'யுஎஸ் செல்லர்' என்று சேர்ப்பவர்களும் உண்டு. இதில் இரண்டாவது சாமர்த்தியமான சொல். விற்பவர் அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்கிறது, பொருள் அங்கே இருப்பதாகச் சொல்லவில்லை.

நேரடியாகப் பதில் கிடைக்காத நிலைகள்

1. ஒரே பொருள் இரண்டு நாட்டுக் கிடங்கில் இருக்கிறது. லெஸ்டரில் 50, திருப்பூரில் 500. ஒரே பட்டியலில் 550 என்று காட்டி, இடம் லெஸ்டர் என்று போட்டால் 51ஆவது வாடிக்கையாளருக்குப் பொய் சொல்கிறோம். தனித்தனிப் பட்டியல் போடுவதும், லெஸ்டர் பட்டியலில் 50 மட்டும் காட்டுவதும்தான் சரி. நடைமுறையில் நடக்கும் பெரும்பாலான தவறு இந்த வகை என்பது என் கணிப்பு. முழுப் பொய்யைவிட, கொஞ்சம் ஸ்டாக்கை முன்னால் காட்டி மீதியைத் தூரத்திலிருந்து அனுப்புவதுதான் பிடிபடாமல் நீள்கிறது.

2. ஒரே நாட்டுக்குள் பல கிடங்குகள். அமேசானின் கிடங்கில் சரக்கு வைத்து, ஈபேயில் விழும் ஆர்டரையும் அங்கிருந்தே அனுப்பச் சொல்லும் சேவை இருக்கிறது. அமேசான் சரக்கை எந்தக் கிடங்கில் வைக்கும், எதிலிருந்து அனுப்பும் என்பது விற்பவர் கையில் இல்லை. இங்கே நாடு துல்லியமாக இருக்க வேண்டும். ஊரைப் பொறுத்தவரை, சரக்கு உண்மையில் இருக்கும் கிடங்குகளில் ஒன்றைப் போடுவதைத் தவிர வழியில்லை. டெலிவரி நாளை மாற்றாத அளவு வேறுபாட்டில் யாரும் ஏமாறப்போவதும் இல்லை.

3. சரக்கு இன்னும் கப்பலில். கண்டெய்னர் வந்து சேர இரண்டு வாரம் ஆகும், ஆனால் பட்டியல் இன்றே 'லெஸ்டர்' என்கிறது. பொருள் லெஸ்டரில் இல்லை. கிடங்குக்காரர் எண்ணி வாங்கிய பிறகுதான் அந்த ஊரைப் போட வேண்டும். சுங்கத்தில் கண்டெய்னர் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது?

4. கிடங்கு இல்லை, கைமாற்றும் இடம் மட்டும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர்வாரியாகப் பொதிந்த பார்சல்கள் ஒரு பெரிய மூட்டையில் விமானத்தில் வருகின்றன. உள்ளூரில் ஒருவர் மூட்டையைப் பிரித்து உள்நாட்டு அஞ்சலில் சேர்க்கிறார். ஆர்டர் விழுந்தபோது பொருள் ஷென்ஜெனில் இருந்தது. ஆகவே இருக்குமிடம் ஷென்ஜென். பார்சலில் உள்நாட்டு லேபிள் இருப்பது இதை மாற்றாது.

5. டிராப்ஷிப்பிங். விற்பவரிடம் சரக்கே இல்லை, ஆர்டர் வந்த பிறகு மொத்த வியாபாரியிடம் சொல்லி நேரே அனுப்ப வைக்கிறார். ஈபே இதை அனுமதிக்கிறது. ஆனால் இன்னொரு சில்லறைக் கடையிலோ சந்தைத் தளத்திலோ வாங்கி வாடிக்கையாளருக்கு நேரே அனுப்ப வைப்பதை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கப்பட்ட முறையிலும் இடம் என்பது மொத்த வியாபாரியின் கிடங்கு இருக்கும் ஊர்தான். தன் வீட்டு ஊரைப் போடுவது தவறு.

வரியில் இது ஏன் பெரிய விஷயம்

ஊர்ப் பெயர் தவறாகப் போனால் பார்சல் தாமதமாகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அரசாங்கங்கள் அப்படி நினைக்கவில்லை.

பிரிட்டனில் 2010களின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வெளிநாட்டு விற்பனையாளர்கள் சரக்கை உள்நாட்டுக் கிடங்கில் வைத்து, உள்நாட்டுக் கடை போல விற்று, வாட் வரியைக் கட்டாமல் விட்டார்கள். 2015–16 ஆண்டில் மட்டும் இதனால் 100 கோடி முதல் 150 கோடி பவுண்டு வரை இழப்பு என்று அந்நாட்டு வரித்துறை மதிப்பிட்டது. முதல் நடவடிக்கை கிடங்குகள் மீது வந்தது. வெளிநாட்டாருக்காகச் சரக்கு வைத்திருக்கும் கிடங்குகள் வரித்துறையிடம் பதிந்து அனுமதி பெற வேண்டும், யாருடைய சரக்கு என்று பதிவேடு வைக்க வேண்டும் என்ற திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. 2019 ஏப்ரல் முதல் அனுமதியில்லாமல் அப்படிக் கிடங்கு நடத்த முடியாது.

2021 ஜனவரி 1 முதல் இன்னொரு படி. வாட் வசூலிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி தளங்களிடமே வந்தது. விதியைச் சுருக்கினால் இப்படி வரும். சரக்கு பிரிட்டனுக்கு வெளியே இருந்து, பொதியின் மதிப்பு 135 பவுண்டுக்கு மேல் போகாவிட்டால், விற்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் தளம்தான் வாட் வசூலிக்கும். சரக்கு பிரிட்டனுக்குள் இருந்து, விற்பவர் வெளிநாட்டவர் என்றால், நுகர்வோருக்கு விற்கும்போது மதிப்பு எவ்வளவானாலும் தளம்தான் வசூலிக்கும். சரக்கும் விற்பவரும் பிரிட்டனில் என்றால் விற்பவரே தன் கணக்கில் கட்ட வேண்டும்.

இந்த மூன்றாவது நிலையை முதல் நிலையோடு சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனில் பதிந்த ஒருவர், சீனாவிலிருந்து டிராப்ஷிப்பிங் செய்துகொண்டு, இடம் 'லண்டன்' என்று போடுகிறார். தளம் அதை உள்நாட்டு விற்பனை என்று எண்ணி வாட் எடுக்காது. அவர் வாட் பதிவே இல்லாத சிறு வியாபாரி என்றால் அவரும் கட்டப்போவதில்லை. ஒரு கட்டத்தில் ஒரு ஊர்ப் பெயர் மாறியதில் 20 சதவீத வரி காணாமல் போகிறது. தளங்கள் இப்போது இருக்குமிடம் பற்றிக் கறாராக இருப்பதற்கு வாடிக்கையாளர் மீதான பாசம் மட்டும் காரணம் இல்லை.

நம் திருப்பூர்க் கம்பெனி இதில் இரண்டாவது நிலை. டிசர்ட்டுக்கான வாட்டை ஈபே வசூலிக்கும். ஆனாலும் சரக்கை இறக்குமதி செய்து அங்கே வைத்திருப்பதால் கம்பெனி பிரிட்டனில் வாட் பதிவு எடுக்க வேண்டியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் ஏறத்தாழ இதே வழியில் போனது. அங்கே வரம்பு 150 யூரோ. கிடங்குக்காரருக்கு அங்கே வேறொரு சுமையும் உண்டு. பொம்மை, மின்சாதனம் போன்றவற்றுக்கு ஒன்றியத்துக்குள் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ பிரதிநிதியோ இல்லாவிட்டால், பொருளின் பாதுகாப்பு ஆவணங்களுக்கு ஃபுல்ஃபில்மென்ட் நிறுவனமே பொறுப்பாளி ஆகிவிடும்.

அமெரிக்காவில் மாற்றம் அண்மையில் வந்தது. 800 டாலர் வரையிலான பொதிகள் வரியின்றி நுழையும் சலுகை, சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் 2025 மே 2 அன்றும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29 அன்றும் முடிந்தது. யார் வரியை வசூலிப்பது என்ற குழப்பத்தில் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தின. இந்திய அஞ்சல் துறையும் ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி, அக்டோபர் 15 அன்றுதான் திரும்பத் தொடங்கியது. அந்த வாரங்களில், அமெரிக்கக் கிடங்கில் சரக்கு வைத்திருந்த இந்திய விற்பனையாளருக்கும் இங்கிருந்து தபாலில் அனுப்பியவருக்கும் இருந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குபவர் பக்கமும் இடம் முக்கியமாயிற்று. 'நியூ ஜெர்சி' என்று நம்பி வாங்கிய பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தால், தாமதத்தோடு கூரியர்காரர் நீட்டும் சுங்க பில்லும் வரலாம்.

2023 ஜூன் 27 முதல் அங்கே நடப்பில் இருக்கும் 'இன்ஃபார்ம்' சட்டமும் இதைத் தொடுகிறது. 12 மாதத்தில் புதிய பொருட்களில் 200 விற்பனை, 5,000 டாலர் வரவு என்ற அளவைத் தொட்டவர்களின் அடையாளத்தைத் தளம் சரிபார்க்க வேண்டும். ஆண்டுக்கு 20,000 டாலரைத் தொட்டவர்கள் பெயர், முகவரியை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். வேறொரு விற்பனையாளர் பொருளை அனுப்பியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் என்ன நிலை

ஈபே பாணியில் 'பொருள் இருக்குமிடம்' என்ற கட்டத்தை இங்கே பெரிய தளங்களில் பார்க்க முடியாது. சட்டமும் வேறு விவரங்களைக் கேட்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவற்றைக் காட்டச் சொல்கின்றன. எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று காட்டச் சொல்லவில்லை.

ஆனால் ஜிஎஸ்டி அந்தக் கேள்வியைக் கேட்கிறது. திருப்பூர்க் கம்பெனி பிவண்டியில் ஒரு தளத்தின் கிடங்கில் சரக்கு வைத்தால், மகாராஷ்டிரத்தில் தனி ஜிஎஸ்டி எண் எடுத்து, அந்தக் கிடங்கைத் தன் வணிக இடமாகப் பதிய வேண்டும். திருப்பூரிலிருந்து பிவண்டிக்குத் தன் சரக்கைத் தானே அனுப்புவதும் வரிக்குரிய பரிமாற்றம்தான், ஏனென்றால் இரண்டு மாநிலப் பதிவுகளும் சட்டத்தின் பார்வையில் இரண்டு ஆட்கள். ஜிஎஸ்டிக்கு முன்பே, 2014இல், கர்நாடக வணிகவரித் துறை இதே கேள்வியில் அமேசான் விற்பனையாளர்களோடு மோதியது. அடுத்தவர் கிடங்கை ஒரு வியாபாரி தன் வணிக இடமாகக் காட்டலாமா என்பதுதான் தகராறு.

இதனால் வாங்குபவருக்கு ஒரு வசதி. பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, மகாராஷ்டிரம் 27, தெலங்கானா 36. மதுரையில் டிசர்ட் வாங்கியவர் பில்லில் 33 இருந்து, 5 சதவீத வரி மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரிந்திருந்தால், சரக்கு தமிழ்நாட்டுக் கிடங்கிலிருந்து கிளம்பியதாகக் கணக்கு. 27 என்று தொடங்கி ஒரே வரியாக 5 சதவீதம் இருந்தால் மகாராஷ்டிரத்திலிருந்து வந்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்கள் 2023 அக்டோபர் முதல் தளங்களில் விற்க முடிகிறது என்றாலும், தங்கள் மாநிலத்துக்குள் மட்டுமே. வெளிமாநிலக் கிடங்கு அவர்களுக்குக் கிடையாது.

பார்சலே சொல்லும் விவரங்கள்

வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியவர், சொன்ன இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்க முடியும்.

பன்னாட்டு அஞ்சல் டிராக்கிங் எண்ணில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து இருக்கும். கடைசி இரண்டும் நாட்டைக் குறிக்கும்: சிஎன் என்றால் சீனா, ஐஎன் இந்தியா, எல்கே இலங்கை. பார்சலில் சிஎன் 22 எனப்படும் சிறிய சுங்க அறிவிப்புச் சீட்டு (இது படிவத்தின் பெயர், இந்த சிஎன் சீனாவைக் குறிப்பதில்லை) இருந்தாலும் அது எல்லை தாண்டி வந்தது என்று பொருள்.

உள்நாட்டுக் கூரியர் எண் இருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். மேலே நான்காவதாகச் சொன்ன மூட்டை முறையில் இறுதிக் கட்டத்துக்கு உள்நாட்டு எண்தான் வரும். அங்கே கவனிக்க வேண்டியது முதல் ஸ்கேன். 'லேபிள் தயார், பொருள் இன்னும் எங்களிடம் வரவில்லை' என்ற நிலையிலேயே எட்டு, பத்து நாள் நின்று, பிறகு திடீரென்று விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு மையத்தில் ஸ்கேன் விழுந்தால், லேபிள் அச்சானபோது பொருள் வேறு நாட்டில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நிச்சயம் என்று சொல்ல முடியாது. சோம்பேறிக் கிடங்கும் இப்படிச் செய்யும்.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டுமானால் திருப்பி அனுப்பும் முகவரியைக் கேட்பது நல்லது. உண்மையிலேயே லெஸ்டரில் கிடங்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் ரிட்டர்னையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். பொருள் லண்டனில் இருக்கிறது, ஆனால் ரிட்டர்ன் மட்டும் ஷென்ஜெனுக்கு என்று பதில் வந்தால், பத்து பவுண்டு சார்ஜரைத் திருப்பி அனுப்ப அதைவிட அதிகம் செலவாகும். அந்தச் செலவைக் காட்டியே "பாதிப் பணம் தருகிறேன், பொருளை வைத்துக்கொள்ளுங்கள்" என்று பேரம் வரும். அப்படி வந்தால் ஒப்புக்கொள்வதற்கு முன் பட்டியலின் இருக்குமிட வரியையும் டிராக்கிங் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தளத்திடமே புகாரைக் கொண்டுபோகலாம். விற்பவர் பிறகு ஊரைத் திருத்திவிட்டாலும் அந்தப் படம் கையில் இருக்கும்.